படமில்லாக் கதைக்கு ஒரு முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதருக்கு இது முற்றும் பொருந்துமோ பொருந்தாதோ, புத்தகத்துக்குப் பொருந்தும் என்று நம்பியே நாம் ஒவ்வொருவரும் புத்தகசாலையினுள் நுழைகின்றோம். நூறு நூல்கள் வரிசையாக நிற்கும் இடத்திலே கை எந்த நூலின்மேற் செல்கின்றது? ஆசிரியரின் பெயரை முன்னரே அறிந்திருந்தால் அப்பெயர் கையை இழுக்கும். அறியாதவிடத்து, அட்டையில் உள்ள சித்திரமே இழுக்கின்றது. அதன் பின்னரே பக்கத்தைப் புரட்டுகின்றோம். புரட்டிய பின்னரே விலையைப் பார்க்கின்றோம்.

எல்லா நூல்களுக்கும் உரிய இந்த உண்மை, ஒரு வகைப் படைப்புக்கு மட்டும் பன்மடங்கு பொருந்துவதாயிருக்கின்றது. அது கணனியிலே படித்து விளையாடும் கதை. ஊடாட்டப் புனைகதை என்று அதனைத் தமிழிற் கூறலாம். உள்ளே ஒரு சித்திரமேனும் இல்லாத இக்கதைகளை, வெளியே ஒட்டிய ஒரேயொரு சித்திரத்தைக் கொண்டே உலகம் தேர்ந்தெடுக்கின்றது. இதனால் விளைந்த நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்பதை ஆராய்வது, நூல் தேர்ந்தெடுக்கும் பழக்கமுடைய நம் குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் பயன் தருவதாகும்.

கதைக்குள் நீங்கள்

முதலில் இவ்விளையாட்டு எத்தகையது என்பதைக் கூறிவிடுவோம். திரையிலே எழுத்துக்கள் தோன்றும். நீங்கள் ஓரிடத்தில் நிற்பதாகவும், உங்களைச் சுற்றி இன்னின்ன பொருள்கள் இருப்பதாகவும் அவை வருணிக்கும். அடுத்து என்ன செய்வது என்பதை நீங்களே தட்டெழுத்தில் எழுதவேண்டும். வடக்கே போ, விளக்கை எடு, கதவைத் திற என்று நீங்கள் பணித்தால், அதன் பயனைக் கணனி மீண்டும் எழுத்திலே கூறும். இவ்வாறு ஆசிரியரும் வாசகரும் மாறி மாறி எழுதிக் கதை நகர்கின்றது. எழுதுவதற்குப் பதிலாக, கொடுக்கப்பட்ட சில வழிகளுள் ஒன்றைத் தெரிந்து செல்லும் வகையும் உண்டு. எவ்வகையாயினும் குகையையும் கோட்டையையும் பூதத்தையும் வாசகர் தம் மனக்கண்ணினாலேயே காணவேண்டும்.

முகமின்றிப் பிறந்த குழந்தை

இவ்வகையின் மூத்த பிள்ளைக்கு முகமே இருக்கவில்லை. அமெரிக்காவிலே வில் குறோதர் என்னும் கணனி வல்லுநர், குகைகளை ஆராய்வதிலும் பேரார்வம் உடையவராயிருந்தார். கென்ரக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகையின் பகுதிகளைத் தாமே நடந்து அளந்தவர். அவர் 1975, 1976 ஆம் ஆண்டுகளில், தம் புதல்வியர் விளையாடுவதற்கென்று அக்குகையை வைத்து ஒரு கணனிக் கதையை ஆக்கினார். ஸ்ரான்போட் சர்வகலாசாலையிலிருந்த டொன் வூட்ஸ் என்பவர் அதனைக் கண்டெடுத்து, 1977 ஆம் ஆண்டிலே விரிவாக்கினார். "அட்வெஞ்சர்" என்னும் அந்த விளையாட்டு ஒரு கணனியிலிருந்து மற்றொரு கணனிக்குப் பிரதியாகிச் சென்றது. அதற்கு அட்டையும் இல்லை, பெட்டியும் இல்லை, விலையும் இல்லை. நண்பர் நண்பருக்குச் சொன்ன நல்வார்த்தையே அதன் விளம்பரமாக அமைந்தது.

அதனை விளையாடிப் பார்த்த மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தினர் நால்வர், அதனினும் சிறந்ததொன்றைத் தாம் ஆக்குவோம் என்று 1977 ஆம் ஆண்டிலே தொடங்கினர். ரிம் அன்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டானியல்ஸ், டேவ் லெப்லிங் என்போர் அந்நால்வர். அவர்கள் ஆக்கியதன் பெயர் "ஸோர்க்". நிலத்தின்கீழ் மறைந்து கிடக்கும் ஒரு பேரரசிலே பொக்கிஷம் தேடும் கதை அது. வெள்ளை வீடொன்றின் முன்னே, ஒரு தபாற்பெட்டியின் அருகே தொடங்கும் அக்கதையிலே வீரத்தைக் காட்டிலும் நகைச்சுவையும் புதிரும் மிகுதி. 1979 ஆம் ஆண்டிலே அவர்களுட் சிலரும் நண்பர்களும் சேர்ந்து இன்போகொம் என்னும் கொம்பனியைத் தொடங்கினர்.

பொருந்தாத முகம்

கடையில் விற்பதென்றால் முகம் வேண்டுமன்றோ? 1980 ஆம் ஆண்டில் ஸோர்க் கதையின் முதற்பாகம், பேர்சனல் சொவ்ற்வெயர் என்னும் வேறொரு கொம்பனியின் வாயிலாகச் சந்தைக்கு வந்தது. அதன் உறையிலே மீசை முறுக்கிய ஒரு முரட்டு வீரன் வாளோங்கி நிற்கும் படம் இருந்தது.

இங்கே ஒரு கணம் நின்று சிந்திப்போம். கதையிலே அவ்வீரன் எங்கே? அவன் இல்லவே இல்லை. கதையின் நாயகர் பெயரற்றவர், முகமற்றவர், விளையாடுகின்ற நீங்களே அவர். வாட்போர் ஓரிரண்டு இடங்களில் உண்டெனினும், வெற்றி பெரும்பாலும் வாளால் வருவதன்று, புத்தியால் வருவது. உறையை நம்பிப் போரை எதிர்பார்த்து வாங்கியவர் புதிரைக் கண்டு திகைத்திருப்பார். புதிரை விரும்பும் வாசகரோ, உறையைக் கண்டே ஒதுங்கிச் சென்றிருப்பார். பொருந்தாத முகத்தினால் வரும் கேடு இவ்வாறு இருவகையாகின்றது. ஏமாந்து வாங்கியவரின் குறை நம் செவிக்கு எட்டும். வாங்காமலே போனவரின் நட்டம் எவர் செவிக்கும் எட்டுவதில்லை. அவருக்கே அது தெரியாது.

1981 ஆம் ஆண்டிலே இன்போகொம் கொம்பனியார் தம் கதையைத் தாமே வெளியிடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். அத்துடன் மீசைக்காரரும் விடைபெற்றுக்கொண்டார்.

பெட்டியும் கதை பேசிற்று

அடுத்து நடந்ததே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. 1982 ஆம் ஆண்டில் மார்க் பிளாங்க் "டெட்லைன்" என்னும் துப்பறியும் கதையை எழுதினார். அக்காலத்துக் கணனித் தட்டுக்களிற் கொள்ளக்கூடிய எழுத்துக்கள் மிகக் குறைவு. சாட்சிகளின் வாக்குமூலங்கள் முதலியவற்றை எல்லாம் தட்டினுள்ளே அடைக்க இயலவில்லை. கொம்பனியார் என்ன செய்தனர் தெரியுமா? அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு, பொலிஸ் கோவை போன்ற உறையினுள் வைத்தனர். வாக்குமூலங்கள், ஆய்வுகூட அறிக்கை, கொலை நிகழ்ந்த அறையின் புகைப்படம், சிறு பையினுள் சில மாத்திரைகள் ஆகிய யாவும் உள்ளே இருந்தன. வாங்கியவர் விளையாடத் தொடங்குமுன்னரே துப்பறிவாளராகிவிட்டார்.

இடப் பற்றாக்குறை என்னும் இடர்ப்பாடே இவ்வாறு ஒரு கலையைப் பெற்றெடுத்தது. அதன்பின் வந்த ஒவ்வொரு கதைக்கும் அதற்கேற்ற பெட்டி செய்யப்பட்டது. 1982 ஆம் ஆண்டு வெளியான "ஸ்ரார்குறொஸ்" என்னும் விண்வெளிக் கதை, பறக்கும் தட்டு வடிவான பிளாஸ்ரிக் கூட்டிலே வந்தது. 1983 ஆம் ஆண்டு வெளியான "சஸ்பென்டட்" என்னும் கதையின் உறையிலிருந்து ஒரு வெண்ணிற முகமூடி வாங்குவோரை உற்று நோக்கியது. உறக்கத்தில் வைக்கப்பட்ட ஒருவர் இயந்திரங்களைக் கொண்டே உலகை உணரும் கதை அது. ஆகவே அசைவற்ற அம்முகம் கதையின் பொருளையே கூறிற்று. கண்ணைக் கவர்ந்ததோடு உண்மையையும் சொல்லிற்று.

அக்காலத்தில் மற்றைக் கொம்பனியார் திரையிலே வண்ணப் படங்கள் காட்டும் விளையாட்டுக்களை விற்றுவந்தனர். படமில்லாக் கதையை அவற்றுக்கிடையே விற்பது எங்ஙனம்? இன்போகொம் தன் விளம்பரமொன்றில் மனித மூளையின் சித்திரத்தை இட்டது. உலகிலே மிகச் சிறந்த படங்களைத் தீட்டவல்ல கருவி இதுவே என்பது அதன் கருத்து. படமில்லை என்னும் குறையை மறைக்காமல், அதனையே பெருமையாக்கிய சாமர்த்தியம் அது.

1984 ஆம் ஆண்டிலே ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் அடம்ஸ், ஸ்ரீவ் மெரெற்ஸ்கி என்பவருடன் சேர்ந்து, தம் புகழ்பெற்ற விண்வெளிக் கதையை இன்போகொம் விளையாட்டாக மாற்றினார். அதன் பெட்டியைத் திறந்தால், கறுத்த காகித அட்டையாலான மூக்குக்கண்ணாடி ஒன்று இருக்கும். அணிந்தால் ஒன்றுமே தெரியாது. ஆபத்தைக் காணாதிருப்பதற்கென்றே செய்த கண்ணாடியாம் அது! வெறுமையான சிறு பையொன்றும் இருக்கும். அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய விண்கலப் படை இருக்கின்றதாம்! அப்பெட்டியைத் திறந்து நகைத்தவர், உள்ளே இருக்கும் நகைச்சுவை எத்தன்மையது என்பதை அக்கணமே அறிந்துகொண்டார்.

ஒரே நிறத்துப் பெட்டி

ஆனால் வணிகத்துக்கு வேறொரு கணக்கு உண்டு. பறக்கும் தட்டுக்களை அடுக்கி வைப்பது எளிதோ? கடைத் தட்டிலே சீராக நிற்கத்தக்க பெட்டி தேவைப்பட்டது. ஆகவே 1984 ஆம் ஆண்டு முதல் இன்போகொம் கதைகள் யாவும் ஒரே அளவான சாம்பல் நிறப் பெட்டிகளில் வரலாயின. முன்புறத்திலே கதைக்குரிய சித்திரம். புத்தகம்போலத் திறந்தால் உள்ளே சிறு கைந்நூல். விநோத வடிவங்கள் மறைந்தன. எனினும் வேறொரு பயன் கிட்டியது. சாம்பல் நிறத்தைக் கண்டதுமே, இஃது இன்னார் வெளியீடு, நம்பி வாங்கலாம் என்று வாசகர் எண்ணினர்.

இந்த உபாயம் புத்தக உலகுக்குப் புதிதன்று. 1935 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் அலன் லேன் தொடங்கிய பெங்குவின் மலிவுப் பதிப்புக்கள், அட்டையிலே சித்திரமின்றி நிறப்பட்டைகளோடு மட்டும் வந்தன. நாவலுக்குச் செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என்பது அவற்றின் நியதி. சித்திரம் ஒரு நூலின் முகமாயின், இத்தகைய நிறம் ஒரு குடும்பத்தின் முகச்சாயல் எனலாம்.

"நீ" என்பவர் யார்?

இதே காலத்தில் அச்சுப் புத்தகங்களிலும் இவ்வகைக் கதைகள் பரவின. 1979 ஆம் ஆண்டிலே எட்வேர்ட் பக்கார்ட் எழுதிய "காலக்குகை" என்னும் நூலுடன் அமெரிக்காவின் பன்ரம் நிறுவனத்தார் ஒரு வரிசையைத் தொடங்கினர். பக்க முடிவிலே இரு வழிகள் கூறப்படும். வாசகர் ஒன்றைத் தெரிந்து அதற்குரிய பக்கத்துக்குச் செல்லவேண்டும். 1982 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பஃபின் நிறுவனத்தார், ஸ்ரீவ் ஜக்சன், இயன் லிவிங்ஸ்ரன் என்னும் இருவர் எழுதிய மந்திரவாதிக் கதையை வெளியிட்டு, வேறொரு வரிசையைத் தொடங்கினர்.

இவ்விரு வரிசைகளிலும் கதாநாயகர் "நீ" என்றே அழைக்கப்படுவார். ஆனால் அட்டையிலே யாரை வரைவது? இங்கிலாந்து நூல்களின் அட்டைகள் பெரும்பாலும் வாசகரை எதிர்நோக்கும் பூதத்தையும் அரக்கனையுமே காட்டின. நாயகர் படத்திலே இல்லை. அட்டையைப் பார்க்கின்ற கண்களே நாயகருடைய கண்கள். அமெரிக்க நூல்களிலோ நாயகரையே அடிக்கடி வரைந்துவிட்டனர். அவ்வாறு வரைந்தவிடத்துப் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவே வரைந்தனர். எழுத்து, ஆண் என்றும் சொல்லவில்லை, பெண் என்றும் சொல்லவில்லை. சித்திரமோ சொல்லிவிட்டது. நூலை எடுத்த சிறுமி, "நீ" என்று கதை தன்னை அழைப்பதையும், அட்டையிலே வேறொருவன் நிற்பதையும் ஒருங்கே கண்டாள். எழுத்து அகலத் திறந்துவைத்த வாயிலைச் சித்திரம் பாதி சாத்திவிட்டது. ஓர் அட்டைப்படம், கதை எதைப் பற்றியது என்பதோடு, அது யாருக்காக என்பதையும் கூறிவிடுகின்றது. தூரிகை பிடிப்போர் மறக்கலாகாத பொறுப்பு இது.

இழந்த முகமும் மீண்ட முகமும்

1986 ஆம் ஆண்டிலே அக்ரிவிஷன் நிறுவனம் இன்போகொம்மை வாங்கியது. 1989 ஆம் ஆண்டிலே அதன் கதவுகள் மூடப்பட்டன. படம் காட்டும் விளையாட்டுக்களே சந்தையை ஆண்டன. ஆயினும் எழுத்துக் கதைகள் மடியவில்லை. இங்கிலாந்திலே கிரஹம் நெல்சன் 1993 ஆம் ஆண்டில் "இன்போர்ம்" என்னும் எழுதுகருவியை ஆக்கி இலவசமாக வழங்கினார். 1995 ஆம் ஆண்டு முதல் இவ்வகைக் கதைகளுக்கு ஆண்டுப் போட்டி ஒன்று நடைபெற்று வருகின்றது. முதலாண்டில் 12 கதைகள் வந்தன. பிற்காலத்தில் அத்தொகை 100 ஐயும் தாண்டியதுண்டு.

இலவசக் கதைகளுக்குப் பெட்டி ஏது? மூத்த பிள்ளையைப் போலவே இவையும் முகமின்றிப் பிறந்தன. 1998 ஆம் ஆண்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற "போட்டோப்பியா", அடம் கட்ரி எழுதியது. முகப்புச் சித்திரம் வழக்கத்தில் இல்லாத அக்காலத்திலே, அஃது எழுத்தின் வலிமையாலேயே வென்றது.

2006 ஆம் ஆண்டளவில் நிலைமை மாறலாயிற்று. கதைக் கோப்புடன் அதன் பெயர், ஆசிரியர், முகப்புச் சித்திரம் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதற்கான பொது விதிகளை இத்துறையார் கூடி வகுத்தனர். இன்போர்ம் கருவியின் புதிய பதிப்பும் அவ்வாண்டிலேயே வந்தது. ஒரே வாக்கியம் எழுதினால் முகப்போவியத்தைக் கதையுடன் இணைக்கும் வசதி அதில் இருந்தது. 2007 ஆம் ஆண்டிலே மைக்கல் றொபேர்ட்ஸ் என்பவர் இக்கதைகளுக்கான பெரும் பட்டியல் ஒன்றை இணையத்திலே திறந்தார். அங்கே ஒவ்வொரு கதையின் அருகிலும் அதன் சிறு சித்திரம் தோன்றும். சித்திரமில்லாத கதையின் அருகில் வெறுமையே தோன்றும்.

அந்த வெறுமை பேசத் தொடங்கிற்று. முன்னர் எவருக்கும் முகமில்லாதிருந்தபோது அஃது ஒரு குறையாகத் தெரியவில்லை. பலருக்கு முகம் வந்தபின்னர், முகமில்லாத கதை அக்கறையின்றி விடப்பட்ட கதைபோலத் தோன்றுகின்றது. போட்டியை எண்ணிப் பாருங்கள். நடுவராயிருக்கும் வாசகர் ஐந்து கதைகளையேனும் படித்துப் புள்ளியிட்டாற் போதும் என்பது விதி. எழுபது, எண்பது கதைகள் ஒரு பட்டியலில் நிற்க, எவற்றை முதலிற் படிப்பது? பெயர், இரண்டு வரி விளக்கம், ஒரு சிறு சித்திரம் ஆகிய மூன்றே கைகாட்டிகள். ஓராண்டு உழைத்து எழுதிய கதை, ஒரு நாழிகையில் வரைந்த படத்தினால் படிக்கப்படலாம், படிக்கப்படாமலும் போகலாம். பட்டியலை ஆளுக்கு ஆள் வெவ்வேறு வரிசையில் கலைத்துக் காட்டும் வழியும் அப்போட்டியில் உண்டு. தலைப்பின் அகரவரிசையினால் ஒருவருக்கு அநீதி நேராதிருக்க அது உதவும். சித்திரத்தினால் நேரும் வேறுபாட்டுக்கு அத்தகைய மருந்து இல்லை.

முகம் காணாத வாசகர்

இங்கே இன்னொரு சாராரையும் நினைக்கவேண்டும். கண்பார்வை இல்லாதோர் பலர் இவ்வெழுத்துக் கதைகளை விரும்பி விளையாடுகின்றனர். திரையிலுள்ள எழுத்தைக் கணனி குரலாகப் படித்துக் காட்டும்; அவர்கள் தட்டெழுத்தில் விடையளிப்பர். படமின்மை மற்றவர்க்குக் குறையெனத் தோன்றலாம். அவர்களுக்கோ அதுவே சமமான ஆசனம். அட்டைப்படம் எவ்வளவு அழகாயினும் அவர்களுக்கு அது மௌனம். கதையின் தலைப்பும் இரண்டு வரி விளக்கமுமே அவர்கள் காணும் முகம். ஆகவே சித்திரத்துக்குச் செலவிடும் கவனத்தை ஆசிரியர் அவ்விரண்டு வரிகளுக்கும் செலவிடவேண்டும். சித்திரம் என்ன காட்டுகின்றது என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதி வைத்தல் நன்று.

நல்ல முகத்தின் இலக்கணம்

இவ்வரலாற்றிலிருந்து நல்ல முகப்பின் இலக்கணத்தை ஒருவாறு வகுக்கலாம். முதலாவது, அது கதையின் மனநிலையைக் கூறவேண்டும். அச்சக் கதைக்கு அச்சமும், நகைச்சுவைக் கதைக்கு நகையும் முகத்திலே தெரியவேண்டும். இரண்டாவது, கதையில் இல்லாததை அது வாக்களிக்கலாகாது. மீசை வீரரின் பாடம் இது. மூன்றாவது, வாசகர் தாமே காணவேண்டியதை முற்றாக வரைந்துவிடலாகாது. பாதி திறந்த கதவு, முழுதும் திறந்த அறையினும் ஆவலைத் தூண்டும். நான்காவது, சிறிதாக்கினும் விளங்கவேண்டும். இன்போர்ம் முறையிலே சிறு முகப்பின் அளவு 120 புள்ளி அகலமும் 120 புள்ளி உயரமுமே. தபால்முத்திரை அளவான அவ்விடத்தில் நுண்ணிய வேலைப்பாடு வெறும் கறையாகிவிடும்.

இந்நாளிலே, சில சொற்களைக் கொடுத்தால் சித்திரம் தீட்டித் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. காசில்லாத எழுத்தாளருக்கு இது வரப்பிரசாதம் என்பர் சிலர். ஓவியரின் பிழைப்பைப் பறிப்பது என்பர் வேறு சிலர். இருவர் கூற்றிலும் பொருள் உண்டு. ஒன்று மட்டும் தெளிவு. பளபளப்பான முகம் யாவர்க்கும் எளிதிற் கிடைக்கும்போது, பளபளப்பைக் கொண்டு உழைப்பை அளத்தல் இயலாது. கையால் வரைந்த எளிய கோட்டுச் சித்திரம், கதையை எழுதியவரின் மனத்தை அதனினும் நன்கு காட்டக்கூடும்.

மாணவ நண்பர்களே! நூலாயினும் விளையாட்டாயினும், முகத்தைக் கண்டு மயங்குவது மனித இயல்பு, அதற்காக நாணவேண்டியதில்லை. ஆனால் ஒரு பழக்கத்தை மேற்கொள்ளுங்கள். நான்கு நூல்களை அட்டையைப் பார்த்து எடுத்தால், ஐந்தாவதை அட்டையைப் பாராமல் எடுங்கள். முதற்பக்கத்தைப் படித்து முடிவு செய்யுங்கள். வீட்டிலே பெற்றோர் ஒரு நூலின் முதற்பக்கத்தை உரக்கப் படிக்க, பிள்ளைகள் அட்டையைக் காணாமலே அதற்கு ஒரு முகம் வரையட்டும். பின்னர் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த முகம் கதைக்கு நெருங்கியது என்று வாதாடுங்கள். முகமில்லாத காரணத்தினால் எவரும் திறவாமல் விட்ட நல்ல கதையொன்று, அவ்வாறு உங்கள் வீட்டிலேயே தனக்குரிய முகத்தைப் பெற்றுக்கொள்ளக்கூடும்.